வேலூருக்கு சைக்கிள் போதும், பாதை மட்டும் கொடுங்கள்

எங்கள் வீட்டில் கார் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பார்க்கும்போதெல்லாம் "எப்போ வண்டி எடுக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். வண்டி இருக்கிறது, அது சைக்கிள்.

ஊரின் அளவைப் பாருங்கள். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆறேழு கிலோமீட்டர். சத்துவாச்சாரியிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்னும் பக்கம். நிதானமாக மிதித்தாலே அரை மணி நேரத்தில் போய்விடலாம். சாயங்காலம் கிரீன் சர்க்கிளில் காரோடு மாட்டிக்கொண்டால் அந்த நேரம் அங்கேயே போய்விடும். லாங் பஜாருக்குள் கார் நுழைந்தால் ஓட்டுபவருக்கும் கஷ்டம், மூட்டை இறக்குபவருக்கும் கஷ்டம். நான் ஓரமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு, காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சரி, வெயில்? மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். உச்சி வேளையில் யாரையும் மிதிக்கச் சொல்ல மாட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ இருக்கிறது, வெளியூருக்கு பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன.

எனக்கு வெயிலைவிட பயம், காட்பாடிக்குப் போகிற வழியில் இருக்கும் பாலாற்றுப் பாலம். பஸ் முழங்கையை உரசுகிற மாதிரி போகும். ஒதுங்கலாம் என்றால் ஓரமெல்லாம் மணல்.

கொசப்பேட்டையில் நான் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கக் கொடுக்கும் கடைக்காரர், இப்போது ரிப்பேருக்கு வருவதெல்லாம் பிளஸ் ஒன் பிள்ளைகளின் சைக்கிள்தான் என்கிறார். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. அருமையான திட்டம். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்காமல் எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்! ஆனால் அதே பிள்ளைகள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான் மிதித்துப் போகிறார்கள். சைக்கிள் கொடுத்த கை பாதையையும் கொடுக்க வேண்டாமா? படிப்பு முடிந்ததும் அந்த சைக்கிள் மாடிப்படிக்கடியில் துருப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தில் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து ஒரு சைக்கிள் போகும் அகலம். ஓரத்து மணலை வாரத்துக்கு ஒருமுறை அள்ளுவது. சர்வீஸ் ரோட்டை அடைத்து நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்துவது. அப்புறம் நிழலுக்கு வரிசையாகப் புங்க மரம். நம் மாநகராட்சியில் 60 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் கவுன்சிலரிடம் பாலத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நானும் எங்கள் வார்டில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.