பட்டம் கையில் இருந்தாலும் பதிவு தனி
பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்ஸ் (ரத்தம், திசு மாதிரிகளைச் சோதித்து நோய் கண்டறிய உதவும் துறை) பட்டம் முடித்தால் நேராக மருத்துவமனை லேபில் சேரலாம் என்று சொல்லப்படுவது பாதிதான் சரி. 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' அங்கே சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர், எச்.சி.பி.சி. (சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. பொதுவான வழி, ஐ.பி.எம்.எஸ். (இத்துறையின் தொழில்முறை அமைப்பு) அங்கீகரித்த இளநிலைப் பட்டத்தோடு, ஒப்புதல் பெற்ற லேபில் பயிற்சிப் போர்ட்ஃபோலியோவையும் (பயிற்சியில் கற்ற திறன்களுக்கான ஆதாரத் தொகுப்பு) முடித்து மதிப்பீட்டில் தேறுவது. பலர் மாட்டிக்கொள்வது இந்த லேப் பயிற்சிக்கு இடம் பிடிப்பதில்தான். அந்த இடத்தைப் பல்கலைக்கழகமே பிடித்துத் தருமா, நாமே அலைய வேண்டுமா என்று கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பயிற்சி, மதிப்பிடப்படும் பாடப்பகுதியாக இல்லாவிட்டால் படிப்புக் காலத்தில் மாணவர் விசாவின் வாரம் 20 மணி நேர வரம்பு குறுக்கே நிற்கும். எம்.எஸ்சி. இருந்தாலே பதிவுக்குப் போதும் என்று நினைப்பவருக்கு: போதாது. இளநிலைப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால் ஐ.பி.எம்.எஸ். அதைத் தனியே மதிப்பிடும். ரத்தமாற்று அறிவியல் மாதிரி விடுபட்ட பாடம் இருந்தால் அதைத் தனியாகப் படித்து முடிக்கச் சொல்லும்.