பெருவெம்பையும் சேர்த்திருக்கலாம்
பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை இளைஞர்களின் இசைக்குழுவையும் அவர்களோடு மேடையேறும் நண்பர்களையும் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பொள்ளாச்சித் தவிலும் பாலக்காட்டுச் செண்டையும் இணைவது புதுமை என்ற கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சிறுவனாக இருந்த மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயருக்குத் தம் கச்சேரிகளில் வாசிக்க இடமளித்தவர், அவரைவிடப் பதினாறு வயது மூத்தவரும் 1896இல் பிறந்தவருமான பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். இருவரும் இம்மண்ணிலிருந்தே தமிழ்நாட்டு மேடைகளை ஆண்டார்கள். கொங்குப் படையை வென்றதன் நினைவாகக் கொங்கன்படைத் திருவிழா கொண்டாடும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில், கொங்கு நாட்டுத் தவில்காரர் உரிமையோடு வந்து வாசிப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் இப்பகுதியின் பெருவெம்பு என்ற ஊர் கட்டுரையில் விடுபட்டது பெருங்குறை. செண்டைக்கும் மத்தளத்துக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டித் தரும் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோல் முகத்தில், கரணை எனும் கரிய பசையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். செண்டைக்குக் கரணையே கிடையாது, அதன் நாதம் தோலின் கனத்தையும் இழுப்பையுமே சார்ந்தது. இவ்விரு நுட்பங்களும் ஒரே ஊரில் கைவரப்பெற்றிருப்பதே இப்பகுதியின் பெரிய அதிசயம். குழுவின் நண்பர்களைப் பட்டியலிடும்போது, அவர்களுடைய கருவிகளைச் செய்து கொடுத்தவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.