ஹிகுச்சி இச்சியோவுக்கு முன்பே ஒரு பெண் முகம்

ஜப்பானிய யென் நோட்டில் இடம்பெற்ற முதல் பெண் நாவலாசிரியை ஹிகுச்சி இச்சியோதான், அதுவரை எந்தப் பெண் உருவமும் அச்சாகவில்லை என்று ஒரு பதிவு சமூக ஊடகத்தில் பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. இதில் இரண்டாவது பாதி சரியில்லை.

1881-இல் மெய்ஜி அரசு வெளியிட்ட ஒரு யென் நோட்டிலேயே பேரரசி ஜிங்குவின் முகம் உண்டு. வரைந்தவர் இத்தாலியச் செதுக்கோவியர் எதோவார்தோ கியோசோனே. புராண காலத்துப் பேரரசி என்பதால் அது கற்பனை முகம்தான். ஆனால் அது அரசு நோட்டு. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் ஜப்பானின் நோட்டின் முன்பக்கத்தில் முதன்மை உருவமாக வந்த முதல் பெண் இச்சியோ (2004, 5000 யென்). குழப்பம் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. டோக்கியோவில் பேங்க் ஆஃப் ஜப்பான் நடத்தும் நாணய அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். இரண்டு நோட்டுகளின் படங்களையும் பக்கத்தில் வைத்து, வெளியிட்டவர் பெயரை ஒப்பிடுங்கள்: ஒன்றில் அரசு, மற்றதில் வங்கி.

24 வயதில் காசநோயால் இறந்து, அதற்குள் ‘தகெகுராபே’ என்ற கதையை எழுதிய இச்சியோவைக் கொண்டாடுவதில் எனக்கும் மகிழ்ச்சியே. அந்த ஒரு வரியை மட்டும் ‘பேங்க் ஆஃப் ஜப்பான் நோட்டின் முன்பக்கத்தில் முதன்மை உருவமாக வந்த முதல் பெண்’ என்று மாற்றிவிடுங்கள்.