கேட்டது நீங்க, அந்தத் தம்பி பதில்தான் சொன்னான்

ஞாயித்துக்கிழமை உங்க ரேடியோ காமெடி ஷோல நடந்தத பத்தி எல்லாரும் எழுதி முடிச்சாச்சு, அந்த ஆடியோவும் எல்லார் போன்லயும் சுத்தி வந்தாச்சு, அதனால முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. ரெண்டு நாளா எனக்கு மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

"உங்க ஏரியாவோட கலை என்ன, கூப்பிட்டு சொல்லுங்க"ன்னு கேட்டது நீங்க. வடசென்னை வியாசர்பாடியிலேர்ந்து ஒரு தம்பி லைன்ல வந்து, சாவு வீட்டுல ராத்திரி முழுக்க கானா பாடுவோம்ணா, இறந்தவங்க கதைய பாட்டா கட்டுவோம்ணான்னு ஆரம்பிச்சான். அரை நிமிஷம் கூட ஆகல. சாவு வீட்டுல கச்சேரியா, டிக்கெட் எவ்ளோன்னு ஒரு கேள்வி, பின்னாடி ரெடியா வெச்சிருந்த சிரிப்பு சத்தம், அவன் பேச்ச அப்படியே இழுத்துப் பேசிக் காட்டுனது, உடனே நகைக்கடை விளம்பரம். அதுக்கு நடுவுல அந்தத் தம்பி "ண்ணா... லைன்ல கீறீங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். திரும்பப் போட்டுக் கேளுங்க, சிரிப்பு சத்தத்துக்கு அடியில இருக்கு.

அதுக்கு முன்னாடி மார்கழி சீசன் கச்சேரியையும் சபா கேன்டீனையும் பத்தி ஒரு அம்மா பேசுனாங்க. அழகா பேசுனாங்க, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவங்க முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டீங்க இல்ல, அதே காது இவனுக்கு ஏன் இல்லன்னுதான் கேக்குறேன்.

எங்க நைனா இஸ்திரி வண்டி வெச்சிருந்தாரு. வண்டியோட மேல்கட்டைல ஒரு சின்ன ரேடியோ, சைக்கிள் ட்யூப வெட்டி இழுத்துக் கட்டியிருப்பாரு. சவுண்டு திருகுற குமிழ் எப்பவோ போயிடுச்சு, உள்ள இருக்குற கம்பிய துணி கிளிப்பாலதான் திருகணும். காலைல கரி மூட்டும்போது போட்டார்னா ராத்திரி சாம்பல் தட்டுற வரைக்கும் ஓடும். கச்சேரி, நாடகம், விவசாய நிகழ்ச்சி, எது வந்தாலும் கேப்பாரு. ஏழு கிலோ இஸ்திரிப் பொட்டிய தூக்கி வெச்சுட்டு, யாராவது நல்லா பேசுனா ஒரு நிமிஷம் அப்படியே நிப்பாரு. அவர் ஸ்கூலுக்குப் போனது கொஞ்ச வருஷம்தான், மிச்சமெல்லாம் அந்த ரேடியோ பொட்டிலேர்ந்து கத்துக்கிட்டது.

நைனா போன அன்னிக்கு ராத்திரி கானா பாட வந்தவரு, பந்தல்ல உக்கார்றதுக்கு முன்னாடி என்னத் தனியா கூப்பிட்டு, "அப்பாக்கு என்னா புடிக்கும்க்கா, யார் யார் வீட்டுத் துணி தேய்ப்பாரு?"ன்னு மெதுவா கேட்டாரு. நானும் அழுதுகிட்டே தெரு பேரெல்லாம் சொன்னேன், ரேடியோவ சொன்னேன். ஒரு மணி நேரம் கழிச்சு டோலக் சத்தத்துக்கு நடுவுல அந்தத் தெருவெல்லாம் வரிசையா பாட்டுல வருது, கரி வருது, துணி கிளிப் வருது. எங்கம்மா அதுவரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. கிளிப்புன்னு கேட்டதும்தான் வாய்விட்டு அழுதாங்க.

அந்தத் தம்பி சொல்ல வந்தது இதத்தான்.

"காமெடி ஷோங்க, இதப் போய் சீரியஸா எடுத்துக்கிறீங்க"ன்னு வருவீங்கன்னு தெரியும். காமெடின்னா எல்லார்கிட்டயும் காமெடி பண்ணணும். சபா பேச்சுக்குக் காமெடி வரல, கானான்னதும்தான் வந்துச்சு. "டைம் இல்ல"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அவன மாதிரி பேசிக் காட்ட மட்டும் டைம் இருந்துச்சே. இன்னொருத்தர், கானான்னாலே குடியும் பொம்பளைங்கள கேவலமா பாடுறதும்தானேன்னு கேட்டாரு. அப்படிப் பாட்டு இருக்குதான், எனக்கும் கோவம் வரும். ஆனா அத அவன்கிட்டயே கேட்டிருக்கலாம் இல்ல? கேட்டிருந்தா ஒரு நல்ல பேச்சு நடந்திருக்கும்.

"இப்பதான் கானா சினிமாவுலயே வந்துடுச்சே"ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் ரொம்ப வலிக்குது. உங்க ஸ்டேஷன்லயே காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கானா மெட்டுல வந்த சினிமா பாட்டுதான் ஓடுது. அந்த மெட்டு வேணும், அந்த அடி வேணும், அத உண்டாக்குன ஏரியாக்காரன் ரெண்டு நிமிஷம் பேசுனா வேணாம்.

2017ல யுனெஸ்கோ சென்னைய இசைக்கான படைப்பு நகரங்கள் பட்டியல்ல சேத்துச்சு. ஊரே சந்தோஷப்பட்டுச்சு, நானும் பட்டேன். கானா பாடுற புளியந்தோப்பும் காசிமேடும் இந்த ஊர்லதானே இருக்கு? 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு முதல் கச்சேரி பண்ணப்ப கானா பாடுற பசங்க மேடையில நின்னு பாடுனாங்க, அவ்ளோ கூட்டம் நின்னு கேட்டுச்சு. யாரும் டிக்கெட் எவ்ளோ ப்ரோன்னு நக்கல் பண்ணல.

இந்த ஊர் ரேடியோவுக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. 1924ல இங்கதான் ரேடியோ கிளப் ஆரம்பிச்சாங்க. அது நின்னு போன பிறகு 1930ல மாநகராட்சியே எடுத்து நடத்துச்சு. வீட்டுல ரேடியோ பொட்டி வாங்க முடியாதவங்க கேக்கட்டும்னு மெரினாவுல ஒலிபெருக்கி வெச்சாங்க. காசு இல்லாதவனும் கேக்கணும்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. நூறு வருஷம் ஆகப்போறப்ப, இல்ல ஆகியே போச்சு, அவன் கேட்டா போதும், பேசக் கூடாதுங்கற இடத்துல வந்து நிக்கிறோம்.

நான் முதல் வேலைக்குப் போனப்ப ட்ரெய்னிங்ல "கீது, இஸ்துகினு எல்லாம் கஸ்டமர்கிட்ட வரக்கூடாது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, என்ன எழுந்து நிக்க வெச்சு திரும்பச் சொல்ல சொன்னாங்க. எங்க ஏரியா பேச்ச மாத்திக்கிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப வீட்டுல அம்மாகிட்ட பேசும்போது கூட அந்த வார்த்தைங்க சட்டுனு வர மாட்டேங்குது. நைனா இருந்தப்பவே வராமப் போச்சு. போன்ல "இன்னாம்மா, ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசுற"ன்னு ஒரு தடவ கேட்டாரு, நான் பதில் சொல்லல. ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி பயமே இல்லாம அவன் பேச்சுலயே பேச ஆரம்பிச்சப்ப எனக்கு அவ்ளோ ஆசையா இருந்துச்சுங்க. சவுண்ட கூட்டி வெச்சேன். அப்பதான் சிரிப்பு சத்தம் வந்துச்சு.

மன்னிப்புன்னு ஒரு போஸ்டர் போட்டு, "யார் மனதாவது புண்பட்டிருந்தால்"னு எழுதுறதெல்லாம் எனக்கு வேணாம். கேட்டது நீங்க, அவன் இன்னும் பதில் சொல்லி முடிக்கல. அவன் நம்பர் உங்ககிட்ட இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அதே நேரத்துக்கு நீங்களே கூப்பிடுங்க, அவன் முடிக்கிற வரைக்கும் விளம்பரம் போடாதீங்க.