அம்மாவின் மேல் விழுந்த பழியைத் துடைத்தது ஆராய்ச்சிதான்

உதட்டுப் பிளவோடும், அண்ணம் என்கிற வாயின் மேற்கூரையில் பிளவோடும் பிறந்தவள் நான். இது பற்றிய ஆராய்ச்சிகளில் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் தயங்காமல் பங்கெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். “எதுக்கும்மா வம்பு, பிள்ளையை வச்சு சோதனை பண்ணுவாங்க” என்று ஒதுங்கும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒதுங்குவதிலும் ஓர் இழப்பு இருக்கிறது.

நான் பிறந்தபோது அம்மாவிடம் சொந்தக்காரர்கள் கேட்டது, “கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா? காய் நறுக்கினியா?” எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, கட்டிலில் உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடித்தாயா என்று கேட்டாராம். அம்மா பல வருஷம் அதை நம்பி, தனியாக அழுதிருக்கிறார். யாருடைய ஆறுதலும் அவரைத் தேற்றவில்லை. கருவில் உதடு இணைவது 4 முதல் 7 வாரங்களுக்குள், அண்ணம் இணைவது 6 முதல் 9 வாரங்களுக்குள். வயிற்றில் பிள்ளை இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத காலம் அது. மரபணுக்களும் வேறு பல காரணங்களும் சேர்ந்து இது நேர்கிறது, ஐஆர்எஃப்6 என்ற மரபணுவுக்கும் அதில் பங்குண்டு. இதையெல்லாம் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் அம்மா நிமிர்ந்தார். எங்கோ முகம் தெரியாத குடும்பங்கள் ரத்தமும் எச்சிலும் கொடுத்ததால் கிடைத்த அறிவு இது.

இன்னொன்று சொல்கிறேன். அண்ண அறுவை சிகிச்சையை 6 மாதத்தில் செய்வதா, 12 மாதத்தில் செய்வதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரேசில் ஆகிய இடங்களில், அண்ணப் பிளவு மட்டும் உள்ள 558 குழந்தைகளை வைத்து ஆய்வு நடந்தது. முடிவு 2023இல் வெளியானது. அந்தப் பிள்ளைகளின் 5 வயதில் பார்த்தபோது, பேசுகையில் அண்ணம் மூக்குவழியைச் சரியாக மூடாத குறை 6 மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 8.9 சதவீதம், 12 மாதத்தில் பெற்றவர்களில் 15 சதவீதம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள். நான் அவர்களை மனதாரக் கும்பிடுகிறேன்.

அப்புறம் நம் மொழி. ப, ட, க எல்லாம் வாய்க்குள் காற்று அழுத்தம் கேட்கும் ஒலிகள். அண்ணம் மூடாவிட்டால் காற்று மூக்கு வழியே போய், ‘பாப்பா’ என்பது ‘மாம்மா’ போலக் கேட்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் சொல்லவைத்துப் பார்த்தால், வீட்டில் பாட்டியிடம் தமிழில் பேசும் பிள்ளை ழகரத்தையும் ளகரத்தையும் எப்படிச் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? நம் பிள்ளைகளின் குரல் ஆய்வில் சேர்ந்தால்தான் தெரியும்.

ஆய்வாளர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சிறுவயதில் ஓர் ஆய்வுக்காக என் முகத்தை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தழும்பின் நீளத்தை அளந்தால் மட்டும் போதாது. கிளெஃப்ட்-கியூ என்ற கேள்வித்தாளை, இந்தியா உட்பட 12 நாடுகளில் 8 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் கேட்டுச் சோதித்து உருவாக்கினார்கள். தோற்றம், பேச்சு, பள்ளி வாழ்க்கை பற்றியெல்லாம் எங்களையே கேட்கிறது அது. அப்படித்தான் கேட்க வேண்டும். தாத்தா பாட்டியும் உட்கார்ந்திருக்கும் வீட்டில் தமிழிலேயே விளக்க வேண்டும்.

பெற்றோர்களே, கையெழுத்துப் போடுமுன் எல்லாவற்றையும் கேளுங்கள். ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா? படங்களையும் மாதிரிகளையும் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள்? இங்கே 2015இல் இயற்றிய மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டமே இருக்கிறது. பாதியில் விலகலாம், விலகினாலும் பிள்ளையின் சிகிச்சை குறையக் கூடாது. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

பிள்ளையையும் கேளுங்கள். கையெழுத்து உங்களுடையது, முகம் அவனுடையது. இன்றைக்குப் படம் வேண்டாம் என்று அவன் சொன்னால், மருத்துவரே எதிரில் நின்றாலும் அவன் பக்கம் நில்லுங்கள். வளர்ந்துவிட்ட என்னைப் போன்றவர்கள் முன்வந்தால் சிறு பிள்ளைகளின் மேல் விழும் சுமையும் குறையும். நான் பேசத் தயார். என்னோடு வர விரும்பும் அக்கா, தங்கை, அண்ணன், தம்பிகள் உள்பெட்டியில் எழுதுங்கள்.