'சும்மா நடக்கிற பாதை' என்று சொன்ன நண்பருக்கு

லாஸ் பெனாஸ்கிட்டோஸ் பள்ளத்தாக்குக்கு அத்தையை அழைத்துப் போய்வந்தேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதெல்லாம் ஹைக்கிங்கில் சேர்த்தியா? சும்மா நடக்கிற பாதைதானே" என்றார். உச்சிகளாகத் தேடித் தேடி ஏறுகிறவர், நல்ல மனிதர். ஆனால் அந்தச் 'சும்மா' நாலு நாளாக மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் டியாகோவின் வடக்குப் புறநகரில் மேட்டு நிலமெல்லாம் தட்டையாக இருக்கும். வீடுகளும் கடைகளும் அங்கே நிறைந்துவிட்டன. இடையிடையே ஓடைகள் அறுத்துச் சென்ற பள்ளத்தாக்குகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. இது அவற்றில் பெரிய ஒன்று. ஏறத்தாழ 4,000 ஏக்கர். மாநகராட்சியும் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகமும் சேர்ந்து பராமரிக்கின்றன. கிழக்கு முனையிலிருந்து நடுவிலுள்ள சிற்றருவிவரை சுமார் 3 மைல், ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. அதனால்தான் வழிகாட்டிகளில் 'எளிது' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் சரிவை அளந்து சொன்னது. பாதையின் பெறுமதியை அளந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம். என் வருத்தம் அதுதான்.

அத்தைக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். செங்குத்தான தடம் எதற்கும் அவரால் வர முடியாது. இங்கே ஓடைக்கரை ஓக் மரங்களின் நிழலில் ஒரு மைல் நடந்ததும் தானாகவே நின்றார். உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து, "இது ஏன் இப்படிக் கவிழ்த்த படகு மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார். பத்துத் தடவைக்கு மேல் அந்த வழியே போயிருக்கிறேன், ஓர் இலையைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. விளிம்பெல்லாம் சிறு முட்கள், மேற்புறம் பளபளப்பு. திருப்பிப் பிடித்தால் நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் ஒவ்வோர் இடுக்கிலும் துளித்துளியாக ரோமக் கொத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார் அத்தை. அந்த ரோமக் கொத்துதான் இந்தக் கடலோர ஓக்கை இனம் காட்டும் அடையாளங்களுள் ஒன்று என்று வீட்டுக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது இதற்கு எங்கே நேரம்?

இந்த மண்ணின் குமேயாய் மக்கள் ஓக் கொட்டைகளை இடித்து மாவாக்கி, நீர் விட்டு விட்டுத் துவர்ப்பை நீக்கி உணவாக்கியவர்கள். 1823-இல் இந்த நிலத்தை பிரான்சிஸ்கோ மரியா ரூயிஸ் என்ற படைத் தலைவருக்கு, அப்போது இங்கே ஆட்சியிலிருந்த மெக்சிகோ அரசு மானியமாகக் கொடுத்தது. சுடாத மண்கல்லில் கட்டிய பழைய பண்ணை வீடு கிழக்கு முனையில் இன்றும் இருக்கிறது. பெனாஸ்கிட்டோஸ் என்ற ஸ்பானியப் பெயருக்குச் 'சிறு பாறைகள்' என்பது போலப் பொருள். அருவியில் தண்ணீர் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நெளிந்து இறங்குவதைப் பார்த்தால் பெயர் புரிந்துவிடும்.

சரிவுகளில் முட்டளவுக்குச் சாம்பல் பச்சையாய்ப் புதர்கள். காய்ந்த குப்பை என்று நினைத்துக் கடந்து போகிறவர்களே அதிகம். கலிஃபோர்னியா நாட்கேட்சர் என்ற பறவைக்கு இந்தப் புதர்தான் வீடு. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, பூனைக்குட்டி சிணுங்குவது போலக் குரல். வீட்டுமனைகளுக்காக இத்தகைய புதர்க்காட்டை அழித்து அழித்தே, 1993-இல் இதை அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கும்படி ஆனது. தடத்தை விட்டு விலகிக் குறுக்கே நடக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். பள்ளத்தாக்கு எளிதாக இருப்பதால் வருகிறவர்கள் அதிகம், வருகிறவர்கள் அதிகமானால் குறுக்குத் தடங்களும் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'எளிது' என்ற சொல்லை நம்பி, தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் வந்துவிடுகிறார்கள். போன ஆகஸ்டில் எங்களோடு வந்த தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். போகும்போது ஓட்டமும் நடையுமாகப் போனவர், திரும்பும் வழியில் நிழலில்லாத பகுதியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். போய்வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வெயிலுக்குப் பாதை எளிதா கடினமா என்பது தெரியாது. நாங்கள் வைத்திருந்த தண்ணீரை அவர் கழுத்திலும் தலையிலும் நனைத்து, நடுப்பகல் தணியும்வரை ஒரு மரத்தடியில் காத்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம்தான்.

பட்டால் தோல் புண்ணாகும் பாய்சன் ஓக் செடியைக் குழந்தைகளுக்கு முதலிலேயே காட்டிக் கொடுத்துவிடுங்கள். மூன்று மூன்றாக இலைகள், கோடையின் கடைசியில் அழகான சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கை நீட்டுவார்கள். பெயரில் ஓக் இருந்தாலும் ஓக் இனமில்லை, நம் சேராங்கொட்டையின் குடும்பம். மாவும் முந்திரியும்கூட அதே குடும்பந்தான். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் புண்ணாகும் என்று அத்தைக்குத் தெரியும், அதனால் அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோலைப் புண்ணாக்கும் அதன் எண்ணெய் இலை உதிர்ந்த குச்சியிலும் இருக்கும். நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும்.

கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. வெதுவெதுப்பான நாட்களில் தடத்திலேயே படுத்திருக்கும். இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பாம்பு வாலை ஆட்டி எழுப்பும் கிலுகிலுப்பும் கேட்காது, பின்னால் சைக்கிள் வருவதும் கேட்காது, நாட்கேட்சரின் குரலும் கேட்காது.

நண்பரே, உங்கள் உச்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு காலை எங்களோடு, எங்கள் வேகத்தில் வந்து பாருங்கள். அத்தை போன தடவை இரண்டாவது மைலில் திரும்பிவிட்டார். இந்தச் சனிக்கிழமை அருவியைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்கிறார். வெயிலுக்கு முன்பே புறப்படுகிறோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அந்த இலை அவருடைய கைப்பையில்தான் இன்னும் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.