கொண்டை ஊசி வளைவுகளின் கண்டுபிடிப்பு

"இருபது வருடமாக ரத்தத்தையே நோண்டுகிறாயே, இதுவரை என்ன மருந்து கண்டுபிடித்தாய்?" சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பள்ளித் தோழன் கேட்டான். அவனுடைய பஸ் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் துறை மெட்டபோலோமிக்ஸ். உடம்பு சாப்பாட்டை எரித்து, உடைத்து, கட்டும்போது உண்டாகும் சிறு மூலக்கூறுகளைக் கூட்டமாக அளப்பது. 1971இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் மனித மூச்சில் சுமார் 250 பொருட்களைப் பிரித்துக் காட்டினார். இன்றைய இயந்திரம் ஒரு சொட்டு ரத்தத்திலேயே மூலக்கூறுகளைக் காட்டும் ஆயிரக்கணக்கான முகடுகளை வரைந்து தள்ளுகிறது. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் பெயர்கூட இல்லை. இவற்றையெல்லாம் கோத்து உடம்பை ஒரே வலையாகப் பார்ப்பது சிஸ்டம்ஸ் பயாலஜி. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆரம்ப காலத்தில் ஏற்காட்டு மலைக் கிராமத்து ரத்தத்தையும் சேலம் நகரத்து ரத்தத்தையும் ஒப்பிட்டோம். வரைபடத்தில் இரண்டு கூட்டமும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நின்றன. மலை ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவு; ஆக்சிஜன் குறைந்தால் உடம்பில் கூடும் லாக்டேட் அதிகம். 1,500 மீட்டர் உயரம், காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம். கட்டுரைக்குத் தலைப்பு வைத்தாகிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

எடுத்த ரத்தத்தை நெடுநேரம் அப்படியே வைத்தாலும் கூடுகிற ஹைப்போசாந்தின் என்ற பொருளும் கூடியிருந்ததுதான் உறுத்தியது. ரத்தம் எடுத்த நோட்டைப் புரட்டினேன். நகரத்து ரத்தம் அரை மணி நேரத்தில், அணுக்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுழன்றிருக்கிறது. மலை ரத்தமோ துணிப்பையில், பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து வந்திருக்கிறது. குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்களுக்கு உயிர் இருக்கிறது, பசியும் இருக்கிறது. மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். என் ரத்தத்தையே எடுத்துச் சில குழாய்களை ஐஸிலும் சிலவற்றை மேசையிலும் வைத்துப் பார்த்தேன். மேசைக் குழாய்களில் அதே படம். நாங்கள் அளந்தது மலை மக்களின் உடம்பை அல்ல, பஸ் பயணத்தை. ஒரு வருட உழைப்பு சாக்கடையில் போனது.

அன்று அம்மா மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "தோண்டிய கிழங்கே ரெண்டு நாளில் கறுத்துப்போகிறது கண்ணு. ரத்தம் மட்டும் உனக்காகக் காத்திருக்குமா?" என்றார். ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏற்றுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. (அந்தக் கறுப்புக்குக் காரணமான ஸ்கோபோலெட்டின் என்ற சிறு மூலக்கூறும் என் துறைச் சரக்குதான். அது வேறு வெட்கம்.)

என் கோபம் இதில்தான். இயந்திரத்துக்குக் கோடிகள் கொட்டுகிறோம், குத்துவிளக்கு ஏற்றித் திறந்து வைக்கிறோம். மலையேறி ரத்தம் எடுத்து வருகிற பெண்ணுக்கு ஐஸ் பெட்டி கிடையாது, கட்டுரையில் பெயரும் கிடையாது. ஆய்வு வெல்வதும் தோற்பதும் அவர் கையில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். என்னிடம் சேரும் மாணவர்கள் முதல் மாதம் இயந்திரத்தைத் தொடக்கூடாது. ஐஸ் பெட்டியோடு மலைக்குப் போக வேண்டும். "என் மகளை முனைவர் பட்டத்துக்கு அனுப்பினேனா, ஐஸ் சுமக்கவா?" என்று ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்தார்.

மலைக் கிராமத்திலேயே வைக்கச் சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்று வேண்டும் என்று நிதி விண்ணப்பத்தில் கேட்டிருந்தேன். பெரிய இயந்திரத்தின் விலையில் அது தூசு. 'அவசியம் விளக்கப்படவில்லை' என்று அடித்துவிட்டார்கள். இந்த முறை அம்மாவின் கிழங்கையும் சேர்த்து விளக்கி அனுப்பியிருக்கிறேன்.